கிழங்கு மூடிச் சுட்ட இறைச்சி: முதல்முறை செய்பவருக்கு

நான் இதை முதன்முதலாகச் செய்து கொடுத்தது ஒரு பிறந்தநாள் வீட்டுக்கு. கிளிநொச்சியில் வீட்டிலிருந்தபடியே கட்லட், ரோல்ஸ், பற்றிஸ் என்று ஓடர் எடுத்துச் செய்துகொண்டிருந்த காலம். லண்டனில் இருந்து லீவுக்கு வந்திருந்த ஒரு குடும்பம், "அக்கா, ஷெப்பர்ட்ஸ் பை செய்வீங்களோ? பிள்ளைகளுக்கு அதுதான் விருப்பம்" என்று கேட்டது. கிழங்கும் இறைச்சியும்தானே, கட்லட்டுக்குள் போகிற அதே சாமான்தானே என்று நானும் தலையாட்டிவிட்டேன். கிழங்கை அவித்து, கிரைண்டரில் போட்டு அடித்து, குழம்பாக இருந்த இறைச்சிக்கு மேலே பரப்பி ஓவனுக்குள் தள்ளினேன். அரை மணித்தியாலத்தில் திறந்து பார்த்தால், குளத்துச் சேற்றில் எருமை படுத்ததுபோல் கிழங்கு முழுக்கக் குழம்புக்குள் இறங்கிக் கிடந்தது. மேலே தெரிந்ததும் பசைபோல் இழுபட்டது. பந்தியில் இருந்த ஒரு மாமி கரண்டியை விட்டுக் கிளறிப் பார்த்துவிட்டு, "பிள்ளை, இதென்ன, கூழோ?" என்று கேட்டா.

கூழ்தான். எங்கே பிழைத்தது என்று பிடிபட எனக்கு இன்னும் நாலைந்து தட்டுகள் வீணாகின. கட்லட் கையால் உருட்டுகிற சாமான். ஈரம் கூடினால் உருட்டும்போதே உள்ளங்கையில் ஒட்டி எங்களுக்குச் சொல்லிவிடும். இது தட்டில் பரப்புகிற சாமான். ஈரம் கூடியிருப்பது சூட்டுக்குள் போன பிறகுதான் தெரியும், அப்போது செய்வதற்கு ஒன்றும் இருக்காது. ஆகவே கிழங்கிலும் இறைச்சியிலும் உள்ள ஈரத்தை அடுப்பிலேயே வைத்துத் தீர்க்க வேண்டும். கீழே எழுதியிருப்பதில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான். கட்லட் செய்யத் தெரிந்தவருக்கு மற்றதெல்லாம் ஏற்கனவே தெரியும்.

பெயரைப் பற்றி இரண்டு வரி. இங்கிலாந்தில் மாட்டிறைச்சி போட்டால் கொட்டேஜ் பை, செம்மறி இறைச்சி போட்டால் ஷெப்பர்ட்ஸ் பை என்று இப்போது பிரித்துச் சொல்வார்கள். இதில் கொட்டேஜ் பை என்ற பெயர்தான் மூத்தது, 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே இருக்கிறது. பிரான்சில் இதே பண்டத்துக்குப் பார்மாந்தியே என்ற மருந்தாளரின் பெயரை வைத்திருக்கிறார்கள். அவர் போரில் பிரஷ்யாவிடம் பிடிபட்டுச் சிறையில் கிடந்தபோது உருளைக்கிழங்கு தின்று பிழைத்தவர். அப்போது பிரான்சில் அதை மாட்டுக்கும் பன்றிக்கும் போடுகிற தீனியாக நினைத்திருந்தார்கள். ஊர் திரும்பியவர், இது மனிதன் தின்னக்கூடியது என்று சொல்லிச் சொல்லியே ஆயுளைக் கழித்தார். மூன்று பெயருக்கும் அடிப்படை ஒன்றுதான்: கீழே இறைச்சி, மேலே மசித்த கிழங்கு, இரண்டையும் சேர்த்துச் சூட்டில் சிவக்க வைப்பது. எங்கள் வீட்டில் ஆட்டிறைச்சி அல்லது கோழி.

என்னென்ன எடுத்து வைப்பது

ஆறு பேருக்கு ஒரு கிலோ உருளைக்கிழங்கு, எலும்பில்லாத இறைச்சி அரைக் கிலோ. 9 அங்குலச் சதுரத்தில் 2 அங்குல ஆழமான கேக் தட்டு இந்த அளவுக்குப் பொருந்தும். கிழங்குக்கு 75 கிராம் பட்டர், இரண்டு முட்டையின் மஞ்சட்கரு, நாலு மேசைக்கரண்டி பசுப்பால், உப்பு, மிளகுத்தூள், சாதிக்காய் துருவி ஒரு சிட்டிகை. மாஜரின் போட்டும் செய்யலாம். ஆனால் மேலே இருப்பது வெறும் கிழங்கு என்பதால் பட்டரின் மணம் இல்லாதது தெரியும். காசைச் சுருக்க வேண்டுமென்றால் இறைச்சியில் 100 கிராம் குறைத்துக் கரட்டைக் கூட்டுங்கள், பட்டரில் கை வைக்காதீர்கள்.

இறைச்சிக்கு இரண்டு பம்பாய் வெங்காயம், ஐந்து பல் உள்ளி, பெருவிரல் நீள இஞ்சி, மூன்று பச்சைமிளகாய், ஒரு கரட், லீக்ஸ் இருந்தால் ஒரு தண்டு, பழுத்த தக்காளி ஒன்று, கறிவேப்பிலை, கறுவாப்பட்டை ஒரு துண்டு. வீட்டில் வறுத்து இடித்த கறித்தூள் இரண்டு தேக்கரண்டி, மிளகுத்தூள் ஒரு தேக்கரண்டி, கோதுமை மா ஒரு மேசைக்கரண்டி, கடைசியில் பிழிய அரைத் தேசிக்காய். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு என்றால் தூளைப் பாதியாக்கி மிளகை நம்புங்கள்.

தேங்காய்ப்பால் வேண்டாம். கை தானாக அந்தப் பக்கம் போகும், எனக்கும் போகும். பாலோடு வருகிற தண்ணீரை வற்ற வைப்பதற்குள் எண்ணெய் பிரிந்து, தட்டின் ஓரமெல்லாம் எண்ணெய் மிதக்கும்.

கிழங்கு தேர்வது

சந்தையில் நுவரெலியாக் கிழங்கு, வெளிநாட்டுக் கிழங்கு, காலத்தில் யாழ்ப்பாணக் கிழங்கு என்று கிடக்கும். மசிக்க நல்லது மாப்பிடிப்பான கிழங்கு. இளங்கிழங்கு, அதாவது விரலால் தேய்த்தாலே தோல் உரிகிறது, கறிக்கு அருமை. மசித்தால் தண்ணீர் விடும். யாழ்ப்பாணத்தில் மாரி முடிந்து தோண்டியவுடனே வருகிற கிழங்கில் இது அடிக்கடி நடக்கும். இரண்டு கிழமை காற்றோட்டமான இருட்டில் போட்டு வைத்தால் கொஞ்சம் தேறும்.

எது மாப்பிடிப்பு என்று பார்வையில் தெரியாது. அதற்கு ஒரு சோதனை உண்டு. ஒரு பங்கு உப்புக்கு 11 பங்கு தண்ணீர் என்று கரைத்து, அதற்குள் கிழங்கைப் போடுங்கள். அடியில் போய்ப் படுப்பது மாக்கிழங்கு, மசிக்க எடுங்கள். மிதப்பதில் மா குறைவு, கறிக்கு ஒதுக்குங்கள். ஒரே கடையில் வாங்கிய ஒரே கிலோவில் பாதி மிதந்து பாதி தாழ்ந்ததையும் கண்டிருக்கிறேன்.

பச்சை பிடித்த கிழங்கை எடுக்க வேண்டாம். அந்தப் பச்சை இருக்கும் இடத்தில் கசப்பும் நஞ்சும் சேரும். மலிவு என்று ஐந்து கிலோ வாங்கி பிரிட்ஜுக்குள் அடுக்கவும் வேண்டாம். குளிரில் கிழங்கின் மா சீனியாக மாறத் தொடங்கும். பிறகு சுட்டால் மேற்பக்கம் சிவக்காமல் கறுக்கும், வாயில் ஒரு அசட்டு இனிப்பும் நிற்கும்.

அவிப்பதும் மசிப்பதும்

தோலை உரிக்காமல், வெட்டாமல், ஒரே அளவான கிழங்குகளாகப் பார்த்து முழுதாக அவியுங்கள். உரித்து வெட்டிப் போட்டால் வெட்டுவாய் எல்லாம் தண்ணீர் குடிக்கும். பச்சைத்தண்ணீரில் உப்புப் போட்டு, கிழங்கையும் அப்போதே போட்டுக் கொதிக்க விடுங்கள். கொதிதண்ணீரில் போட்டால் வெளிப்பக்கம் வெடித்துக் கரைந்த பிறகும் நடுவில் கல்லாக இருக்கும்.

25 முதல் 30 நிமிடம் என்று எழுதினாலும், எங்கள் பக்கத்துக் கிணறுகளுக்கு அந்தக் கணக்கு எப்போதும் சரிவராது. கேத்தலின் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிகிற தண்ணீர் என்றால், அந்தத் தண்ணீரிலுள்ள கல்சியம் கிழங்கின் சதையை இறுக்கிப் பிடிக்கும். வேக நேரம் எடுக்கும். மணிக்கூட்டைப் பார்க்காமல் ஈர்க்கால் குத்திப் பாருங்கள். ஈர்க்கு தன்பாட்டில் நடுவரைக்கும் இறங்க வேண்டும், எடுக்கும்போது கிழங்கு ஈர்க்கோடு தொங்கி வரக்கூடாது. மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருப்பவர்கள் அதில் அவித்தால் வித்தியாசம் தெரியும்.

அவிந்ததும் தண்ணீரை வடித்து, சூட்டோடு தோலை உரியுங்கள். ஒரு கையில் மடித்த துவாய், மறுகையில் கத்தி. ஆறவிட்டு உரிப்பது சுகம்தான், ஆனால் ஆறின கிழங்கு கட்டி கட்டியாக நிற்கும். உரித்த கிழங்கை நாலாகப் பிளந்து, வெறும் பானையில் போட்டு, மெல்லிய நெருப்பில் பானையைக் குலுக்கிக்கொண்டே இரண்டு நிமிடம் வையுங்கள். கிழங்கில் இருந்து ஆவி எழும்பும். பானையின் அடியில் வெள்ளையாக ஒரு மெல்லிய மாப்படை பிடிக்கத் தொடங்கினால் போதும், இறக்கிவிடலாம். இந்த இரண்டு நிமிடத்தைப் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். நானும் விட்டேன், கூழ் வாங்கினேன்.

இனி மசிப்பது. கிரைண்டர், மிக்சி, பிளெண்டர் எதுவும் கிட்ட வரக்கூடாது. கிழங்குக்குள் மா சின்னச் சின்ன அறைகளில் அடைபட்டு இருக்கிறது. மெதுவாக அழுத்தினால் அறைகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும், கிழங்கு பொலபொலவென்று வரும். மெஷினின் அலகு சுற்றினால் அறைகள் கிழிந்து மா வெளியே வந்துவிடும். பிறகு அது சுவரில் நோட்டீஸ் ஒட்டத்தான் உதவும்.

வெளிநாட்டில் கிழங்கு மசிக்கவென்றே ஒரு அழுத்தி விற்கிறார்கள், விலையும் கூட. அதைத் தேடி அலைய வேண்டாம், எங்கள் வீட்டு இடியப்ப உரல் அதே வேலையைச் செய்யும். ஆனால் இடியப்ப அச்சின் துளை மிகவும் சின்னது, அரைக் கிலோவிலேயே தோள்மூட்டு விட்டுப்போகும். அச்சு மாற்றக்கூடிய உரல் என்றால் முறுக்குக்குப் போடுகிற பெரிய துளை அச்சை மாட்டிக்கொள்ளுங்கள். சூடான கிழங்கை உரலில் போட்டு ஒரு பேசினுக்குள் பிழியுங்கள். புழுப்புழுவாக, கட்டியே இல்லாமல் விழும். உரல் இல்லாவிட்டால் மத்தின் அடியால் மேலிருந்து கீழாகக் குத்துங்கள். கூழுக்குக் கிண்டுவதுபோல் சுற்றிச்சுற்றிக் கிண்டாதீர்கள்.

முதலில் பட்டர், பிறகுதான் பால். பட்டர் சூட்டில் உருகி ஒவ்வொரு துணுக்கையும் பூசிக்கொண்ட பிறகு பால் ஊற்றினால் கிழங்கு வழவழப்பாக வரும். பாலும் சூடாக இருக்க வேண்டும். நாலு கரண்டியையும் ஒரேயடியாக ஊற்றாமல், ஒவ்வொன்றாக விட்டுப் பாருங்கள். அகப்பையில் அள்ளிக் கவிழ்த்தால் உடனே விழாமல், ஒரு தட்டுத் தட்டினால் விழ வேண்டும். அதுதான் பதம். இரண்டு கரண்டியிலேயே அந்தப் பதம் வந்துவிட்டால் மிச்சப் பாலைத் தேத்தண்ணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் சூடு ஆறியதும் மஞ்சட்கருவைச் சேருங்கள். கொதிக்கக் கொதிக்கச் சேர்த்தால் முட்டை திரைந்துவிடும். இந்த மஞ்சட்கருதான் சூட்டில் இறுகிக் கிழங்கை நிற்க வைக்கிறது, மேற்பக்கத்துக்குப் பொன்னிறமும் தருகிறது. வெள்ளைக்கருவை ஊற்றாதீர்கள், அது இன்னொரு ஈரம்.

உப்புப் பாருங்கள். தனியாகத் தின்னும்போது அளவாக இருக்கும் கிழங்கு, உறைப்பான இறைச்சியோடு சேரும்போது சப்பென்று இருக்கும். ஒரு கல்லுக் கூடவே இருக்கட்டும்.

இறைச்சி

வன்னியில் கடைக்கு நடந்துபோய் அரைத்த இறைச்சி வாங்குவது எல்லா இடத்திலும் நடக்காது. கிளிநொச்சி, வவுனியா நகரங்களில் மெஷின் வைத்திருப்பவர்கள் உண்டு. மல்லாவிப் பக்கமோ ஒட்டுசுட்டான் பக்கமோ இருப்பவர்களுக்கு இறைச்சிக் கடையின் மரக்குற்றியும் கத்தியும்தான். "கொத்தித் தாங்கோ அண்ணை" என்று கேட்டால் எலும்போடு சேர்த்துக் கொத்தி விடுவார்கள். தொடைப்பக்கத்தில் எலும்பில்லாமல் முழுத் துண்டாக வாங்கிக்கொண்டு வாருங்கள். வீட்டில் கழுவி, ஈரத்தை ஒற்றியெடுத்து, பிரிட்ஜின் ஐஸ் தட்டில் அரை மணித்தியாலம் வையுங்கள். பாதி இறுகின இறைச்சி கத்திக்கு வழுக்காது. நீளமாகச் சீவி, பிறகு குறுக்கே வெட்டி, கடைசியாகக் கொத்தினால் பயற்றம்பருப்பு அளவில் வரும். மெஷினில் அரைத்ததைவிட எனக்கு இதுதான் பிடிக்கும், கடிக்க ஏதாவது இருக்கும்.

வேட்டை இறைச்சி போட்டால் நல்லாயிருக்குமே என்று கேட்பவர்கள் இங்கே இல்லாமல் இல்லை. மானும் மரையும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. அந்தக் கதையை விட்டுவிடுவோம்.

தாச்சியில் மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு நன்றாகச் சூடாக்கி, இறைச்சியை மட்டும் இரண்டு தடவையாகப் போடுங்கள். முழுவதையும் ஒரே தரம் கொட்டினால் தாச்சியின் சூடு இறங்கி, இறைச்சி தன் தண்ணீரிலேயே அவியத் தொடங்கும், சிவப்பு ஏறாது. கிளறாமல் ஒரு நிமிடம் விட்டுப் பிறகு புரட்டுங்கள். கறுத்துச் சிவந்த ஓரங்கள்தான் ருசி. அதை எடுத்து வைத்துவிட்டு, அதே எண்ணெயில் கறுவா, கறிவேப்பிலை, வெங்காயம், பச்சைமிளகாய். வெங்காயம் பொன்னிறமானதும் இடித்த இஞ்சி உள்ளி, பிறகு மிகச் சின்னதாக வெட்டிய கரட்டும் லீக்ஸும். கறித்தூளைப் போட்டு அரை நிமிடம் பிரட்டி, கருக முதல் தக்காளியைச் சேர்த்து மசிய விடுங்கள்.

இறைச்சி திரும்ப உள்ளே. ஆட்டிறைச்சி என்றால் ஒரு கப் சுடுதண்ணீர் விட்டு மூடி, மெல்லிய நெருப்பில் 40 நிமிடமாவது விடுங்கள். முற்றின கிடாய் என்றால் ஒரு மணித்தியாலமும் போகும். நடுநடுவே தண்ணீர் வற்றினால் கொஞ்சம் விடலாம். கோழிக்கு அரைக் கப் தண்ணீரும் 15 நிமிடமும் போதும். ஓவனுக்குள் போய் மிச்சம் அவியும் என்று யாரும் நினைக்க வேண்டாம். உள்ளே நடப்பது சூடேறுவதும் சிவப்பதும் மட்டும்தான். இறைச்சி தாச்சியிலேயே முழுதாக அவிந்திருக்க வேண்டும்.

கடைசிக் கட்டம் முக்கியம். மூடியை எடுத்துவிட்டு, கோதுமை மாவைத் தூவிப் பிரட்டி, நெருப்பைக் கூட்டி வற்ற விடுங்கள். குழம்பும் இல்லை, வறுவலும் இல்லை, பிரட்டல். அகப்பையின் ஓரத்தால் தாச்சியின் நடுவில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோட்டின் இரு பக்கமும் இறைச்சி விலகி நின்று, வயலில் வெட்டின வாய்க்கால் மாதிரி அடி தெரிய வேண்டும். தண்ணீர் ஓடிவந்து வாய்க்காலை நிரப்பினால் இன்னும் காலம் இருக்கிறது. அதேநேரம் இறைச்சி ஒட்டாமல் மணல் மணலாக உதிர்ந்தால் வற்றிவிட்டது. இரண்டு கரண்டி சுடுதண்ணீர் விட்டு மீட்கலாம். இறக்கி, தேசிக்காய் பிழிந்து, கறுவாப்பட்டையை மறக்காமல் எடுத்து எறியுங்கள். பரந்த தட்டில் கொட்டி இளஞ்சூடாக ஆறவிடுங்கள். கொதிக்கும் இறைச்சிக்கு மேலே கிழங்கைப் போட்டால் கீழிருந்து எழும்பும் ஆவி கிழங்கை இளக்கிவிடும்.

தட்டில் போடுவது

தட்டுக்குப் பட்டர் பூசி, இறைச்சியை ஓர் அங்குல உயரத்துக்குப் பரப்பி, அகப்பையின் பின்பக்கத்தால் அழுத்திச் சமப்படுத்துங்கள். கிழங்கை நடுவில் கொட்டிப் பரப்ப வேண்டாம். நடு அமுங்கி ஓரத்தில் இறைச்சி பிதுங்கும். நாலு ஓரங்களிலும் கரண்டி கரண்டியாக வைத்து, தட்டின் சுவரோடு ஒட்டி அடைத்துவிட்டுப் பிறகு உள்நோக்கி வாருங்கள். குளத்துக்கு முதலில் அணைக்கட்டைக் கட்டுவதுபோல. ஓரம் அடைபட்டிருந்தால் இறைச்சியின் சாறு பொங்கி மேலே வராது.

மேற்பக்கத்தை முள்ளுக்கரண்டியால் வரி வரியாக இழுத்துவிடுங்கள். அழகுக்கு மட்டும் அல்ல. மேடாக நிற்கும் வரிகள் சிவந்து மொறுமொறுக்கும், பள்ளங்கள் மெதுவாக இருக்கும். உருக்கிய பட்டர் ஒரு கரண்டியை மேலே தொட்டுவிடுங்கள். காய்ந்த பாணை நொறுக்கித் தூளாக்கித் தூவலாம். சீஸ் துருவிப் போடுபவர்களும் உண்டு. பிள்ளைகள் குதிப்பார்கள், எனக்கு அது கிழங்கின் ருசியை மறைக்கிறது.

ஓவனை 200 பாகை செல்சியஸில் 15 நிமிடம் முன்கூட்டியே சூடாக்கி, நடுத்தட்டில் வைத்து 25 முதல் 30 நிமிடம். வரிகளின் முதுகு பொன்னிறமாகி, ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழ் தெரிந்தால் ஆகிவிட்டது. எடுத்தவுடனே வெட்டாதீர்கள். பத்து நிமிடம் இருந்தால்தான் துண்டு துண்டாக நிமிர்ந்து வரும்.

சபைக்கு வைக்கிற மாதிரி

வீட்டுக்கு இந்தத் தட்டு போதும். கலியாண வீட்டுக்கோ நாலு பேர் பார்க்கும் மேசைக்கோ என்றால் நான் இரண்டு விதமாகச் செய்வேன்.

ஒன்று கிழங்குக் கூடு. ஐசிங் பையும் குழாயும் இல்லாதவர்கள் முறுக்கு உரலில் நட்சத்திர அச்சைப் போடுங்கள். கிழங்கில் பால் சேர்க்காமல், மஞ்சட்கருவை மூன்றாக்கிக்கொள்ளுங்கள். தட்டில் ஒயில் பேப்பர் விரித்துப் பட்டர் பூசி, உள்ளங்கை அகலத்தில் முறுக்குச் சுற்றுவதுபோல் நடுவிலிருந்து வெளியே சுற்றி ஒரு அடித்தட்டு. அதன் விளிம்புக்கு மேலே இரண்டு சுற்றுச் சுவர். குருவிக்கூடு மாதிரி வரும். கிழங்கு இளஞ்சூடாக இருக்கும்போதே பிழிய வேண்டும், ஆறினால் உரலில் இறுகி அறுந்து விழும். 210 பாகையில் 15 நிமிடம் வைத்து விளிம்பு சிவந்ததும் எடுத்து, சூடான இறைச்சியை நிரப்பி இன்னும் ஐந்து நிமிடம் உள்ளே வையுங்கள். ஒரு கிலோக் கிழங்கில் பன்னிரண்டு கூடு எடுப்பேன். முதல் மூன்று கூடு கோணலாகத்தான் வரும், அதை வீட்டுக்காரருக்குக் கொடுங்கள்.

மற்றது தயிர்ச்சட்டி. எருமைத் தயிர் வாங்கிய மண்சட்டிகளை எறியாமல் கழுவிக் காயவைத்துச் சேர்த்து வைப்போமே, அதில் சின்னச் சட்டி ஒருவருக்கு அளவு. பழைய தயிர் மணம் போகச் சுடுதண்ணீரில் ஊறவைத்து வெயிலில் காய வையுங்கள். கீறல் விழுந்த சட்டி வேண்டாம். இதில் ஒரு விஷயம்: சூடாக்கின ஓவனுக்குள் மண்சட்டியை வைத்தால் டப்பென்று வெடிக்கலாம், பிரிட்ஜில் இருந்து எடுத்தது என்றால் கேட்கவே வேண்டாம். குளிர்ந்த ஓவனுக்குள் சட்டியை வைத்து, பிறகு சூட்டைக் கூட்டுங்கள். பத்து நிமிடம் கூட எடுக்கும். மேசையில் ஆளுக்கொரு சட்டியாக வைத்தால் வெளிநாட்டார் போன் எடுத்துப் படம் பிடித்த பிறகுதான் கரண்டியைத் தொடுவார்கள்.

ஓவன் இல்லாவிட்டால்

புலிகள் இயக்க காலத்தில் பேக்கரிக்கு வெதுப்பகம் என்று பெயர்ப்பலகை எழுதி இங்கே எல்லாருக்கும் பழகிப்போனது. இப்போதும் வயதானவர்கள் சிலர் அப்படித்தான் சொல்கிறார்கள். உங்கள் ஊரில் விறகுப் போறணை உள்ள வெதுப்பகம் இருந்தால், பாண் போட்டு முடிந்தபின் போறணையில் தங்கியிருக்கும் சூடு இதற்கு அளவான சூடு. நத்தாருக்குக் கேக் தட்டுக் கொண்டுபோவதுபோல் கேட்டுக்கொண்டு கொண்டுபோகலாம். சிலர் ஒரு சின்னக் காசு வாங்குவார்கள், சிலர் ஒரு துண்டு கேட்பார்கள்.

அதுவும் இல்லையென்றால் மேலும் கீழும் நெருப்பு. கேக் தட்டு தாராளமாக இறங்கக்கூடிய தடித்த பெரிய சட்டியில், கழுவிக் காயவைத்து அரித்த மணலை ஓர் அங்குலத்துக்குப் போட்டு, அதன் நடுவில் ஒரு வளையமோ மூன்று கல்லோ வைத்து, மூடிப் பதினைந்து நிமிடம் சூடாக்குங்கள். தட்டை உள்ளே வைத்து, தட்டையான இரும்பு மூடியால் மூடி, மூடியின் மேல் தணலைப் பரப்புங்கள். ஆப்பத்துக்குச் சட்டி மூடியில் தணல் போடுவார்களே, அதே வித்தைதான். கீழே நெருப்புக் குறைவு, மேலே தணல் கூட. எங்களுக்குச் சிவக்க வேண்டியது மேற்பக்கம். சிரட்டைத் தணல் சுறுக்கென்று சுட்டுச் சுறுக்கென்று அடங்கும், இரண்டாம் தரம் போட வேண்டிவரும். வீரை விறகுத் தணல் கிடைத்தால் ஒருமுறை போட்டால் போதும். 35 நிமிடத்தில் மூடியைச் சாய்க்காமல் நேராகத் தூக்கிப் பாருங்கள். சாய்த்தால் சாம்பல் முழுக்கக் கிழங்குக்கு மேல் கொட்டும். அந்தப் பாடத்தையும் நான் காசு கொடுத்துத்தான் படித்தேன்.

மாற்றிச் செய்ய

வன்னியில் உருளைக்கிழங்கு விலை ஏறுகிற நேரம் மரவள்ளி முற்றத்திலேயே நிற்கும். மேல் போர்வைக்கு அது நன்றாகப் பொருந்தும். தோலை உரித்து, திறந்த பானையில் நிறையத் தண்ணீரில் நன்றாக அவித்து வடித்து, நடு நாரை இழுத்தெடுத்துவிட்டுச் சூட்டோடு உரலில் குத்த வேண்டும். உருளைக்கிழங்கைவிட இறுக்கம், ஆகவே பால் இரட்டிப்பாகப் போகும். மரவள்ளியோடு இஞ்சி சேர்ப்பதில்லை என்பது எங்கள் வீடுகளின் வழக்கம், அதனால் அன்றைக்கு இறைச்சியில் இஞ்சியை விட்டுவிடுவேன். வற்றாளங்கிழங்கு இனிப்பும் ஈரமும் கூடினது. மிளகு தூக்கலான மாட்டிறைச்சிக்கு மட்டும் பரவாயில்லை.

முல்லைத்தீவுப் பக்கத்தார் மீனில் செய்யலாம். அவித்து முள் எடுத்த சூரை, அல்லது அவசரத்துக்கு டின் மீன். டின் மீனின் தண்ணீரை வடித்துக் கையால் பிழிந்த பிறகுதான் தாச்சிக்குள் போட வேண்டும். வெள்ளிக்கிழமைக்காரருக்குச் சோயாமீற், ஊறவைத்து, பிழிந்து, கொத்தி, அதே பிரட்டல்.

முதல் நாளே செய்து வைத்தால்

விசேஷத்துக்கு முதல்நாள் இரவு தட்டில் போட்டு மூடி பிரிட்ஜில் வைக்கலாம். இறைச்சியும் கிழங்கும் ஆறிய பிறகு சேருங்கள். ஆனால் ஆறட்டும் என்று மேசையில் மணிக்கணக்காக விட்டுவிடாதீர்கள். எங்கள் சித்திரை வெயிலில் அவித்த இறைச்சியும் கிழங்கும் வெளியே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருப்பது நல்லதல்ல. இரவு முழுக்கக் கறண்ட் இல்லாமல் போனால் மோந்து பார்த்து முடிவெடுக்க வேண்டாம், கெட்டது எல்லாம் மணக்காது. அடுத்தநாள் குளிரோடு ஓவனுக்குள் போகிற தட்டுக்கு 180 பாகையில் 45 நிமிடம் கொடுங்கள். நடுவில் கத்தியை விட்டு ஐந்து எண்ணி எடுத்து உதட்டில் வைத்தால் சுட வேண்டும்.

பக்கத்துக்கு வெங்காயம், தக்காளி, பச்சைமிளகாய் வெட்டித் தேசிக்காய் விட்ட சம்பல் போதும்.

மிஞ்சினால், கிழங்கையும் இறைச்சியையும் ஒன்றாகப் பிசைந்து உருட்டி, முட்டையில் தோய்த்து, பாண்தூளில் புரட்டி அடுத்தநாள் காலை பொரித்தெடுங்கள். கையில் ஒட்டாமல் உருண்டால் முதல்நாள் நீங்கள் ஈரத்தைச் சரியாகத் தீர்த்திருக்கிறீர்கள்.